இயர்பட்ஸுக்குப் பேட்டரி மாற்றக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. விலை கூடிய வயர்லெஸ் இயர்பட்ஸ் வைத்திருப்பவர்கள், அதிலும் வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள், தயவுசெய்து முழுதாகப் படித்துவிடுங்கள். பேட்டரி மாற்றித் தரச் சொல்லி என் பட்ஸைக் கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தது என்னுடையதே இல்லை.

2022 அக்டோபரில், தீபாவளிச் சீட்டுப் பணத்தில், ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறை இயர்பட்ஸ் வாங்கினேன். அப்போது 26,900 ரூபாய். பாட்டுக் கேட்க அவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. தினமும் கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போய் வருகிறேன். ரயிலின் அந்த விடாத இரைச்சல்தான் எனக்குத் தலைவலியைக் கிளப்பும். வெளிச்சத்தத்தைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் வசதி நன்றாக அடக்குவதும் அந்த மாதிரி ஒரே சீராக வரும் கனத்த ஓசையைத்தான். சுண்டல் விற்பவர் குரலும் பக்கத்து சீட்டுப் பேச்சும் அப்படியே கேட்கும், அது எனக்குப் பரவாயில்லை. பல நாள் பாட்டே போடாமல் வெறும் அமைதிக்காகக் காதில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. புதிதில் ஒரு சார்ஜுக்கு ஆறு மணி நேரம் என்பது கம்பெனிக் கணக்கு, எனக்கு ஐந்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது. அது மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் அலுவலகத்தில் ஒரு கால் பேசி முடிப்பதற்குள் டொய்ங் என்று சத்தம் கொடுத்து நின்றுபோகும். இது என் பீஸில் மட்டும் இருந்த கோளாறு இல்லை. உள்ளே இருப்பது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு லித்தியம் செல், கேஸில், அதாவது சார்ஜ் ஏற்றும் டப்பாவில், வைக்கும் ஒவ்வொரு தடவையும் அது சார்ஜ் ஏறுகிறது. தினமும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று வருடத்தில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் தேய்ந்துதான் போகும்.

முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். பட்ஸைத் திறந்து பேட்டரி மட்டும் மாற்றுவது கிடையாது, பட்ஸையே மாற்றிக் கொடுப்பார்கள் என்றார்கள். விலையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனால் வரும்போது அவர்கள் என் பட்ஸின் விவரம் எழுதிப் போட்ட ஜாப் ஷீட்டின் நகலை வாங்கி வந்தேன். இடது பட், வலது பட், கேஸ் மூன்றின் சீரியல் எண்ணும் அதில் இருந்தன. அந்த ஒரு தாள் இல்லையென்றால் இன்றைக்கு என் கையில் எந்த ஆதாரமும் இல்லை.

பிறகு எங்கள் பக்கத்து மெயின் ரோட்டில் ஒரு மொபைல் சர்வீஸ் கடை. பெயர் இங்கே வேண்டாம், புகார் போய்க்கொண்டிருக்கிறது. "எல்லா பிராண்டுக்கும் இயர்பட்ஸ் பேட்டரி மாற்றித் தரப்படும்" என்று போர்டு. உள்ளே இருந்த பையன் கேஸைத் திறந்து பார்த்துவிட்டு, "ஈஸிதான் அக்கா, ரெண்டுக்கும் சேர்த்து 2,800 ஆகும், மூணு மாசம் வாரண்டி தர்றோம்" என்றான். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் சேர்ந்து வரும் அக்கா, எதுக்கு வீணா" என்று ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். பணத்தைப் போனில்தான் அனுப்பினேன் என்பதால் அந்தப் பதிவு மட்டும் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் புதுச் செட்டுக்கு வருவதுபோல் "கனெக்ட்" என்று போனில் வருகிறது. நான் வைத்திருந்த பெயரும் போய்விட்டது. போன் செய்து கேட்டேன். "பேட்டரி மாத்துனா ரீசெட் ஆகும்க்கா" என்றான். அப்போது நம்பினேன். சார்ஜ் சுத்தமாக இறங்கிப் பல நாள் கிடந்தாலும் பட்ஸ் தன் போனை மறப்பதில்லை, அந்த நினைவு மின்சாரம் இல்லாமலே நிற்கும். ஆனால் கேஸுக்குள் வேறு பட் வந்தால் பின்னால் உள்ள பட்டனை அழுத்தித் திரும்ப ஜோடி சேர்க்கத்தான் வேண்டும். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேட்டரி மாற்றி வந்த பட்ஸ் புதிதாகக் கனெக்ட் செய்யச் சொன்னால் அங்கேயே நின்று சீரியல் எண்ணைப் பாருங்கள், கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

மறுநாள் ரயிலில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. இடது காதில் இரைச்சல் அடங்கவே இல்லை, ஜன்னல் காற்று பட்டால் விசில் மாதிரி ஒரு சத்தம். இரண்டு காதிலும் ஒலி ஒரே அளவில் இல்லை. மூன்று வருடம் தினமும் காதில் இருந்த பொருள், அதன் ஒலி எனக்குத் தெரியாதா? கழற்றிப் பார்த்தேன். என் வலது பட்டின் தண்டில் நகக்கீறல் போல ஒரு கோடு உண்டு, மகன் கீழே போட்டதில் வந்தது. அது இல்லை. இடது பட்டில் தண்டும் தலையும் சேரும் இடத்தில் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது.

போனில் செட்டிங்ஸ் போய், ஏர்பாட்ஸ் பெயரைத் தொட்டு, கீழே சீரியல் எண் இருக்கும் வரியைத் தட்டினால் இடது, வலது எண்கள் தனித்தனியாக வரும். ஜாப் ஷீட்டோடு ஒப்பிட்டேன். கேஸ் என்னுடையது. இரண்டு பட்டும் வேறு.

யாரோ ஒருவர் தூக்கிப்போட்ட பட்ஸைத் திறந்து, மலிவான செல் வைத்து ஒட்டி எனக்குத் தந்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. ஒலிபெருக்கியும் மைக்கும் நல்ல நிலையில் இருந்த என் பட்ஸ் என்ன ஆனது என்று தெரியவில்லை. தொலைந்த ஒற்றை பட்டுக்கு ஈடாக "லெஃப்ட் பீஸ்", "ரைட் பீஸ்" என்று தனித்தனியாக விற்கும் வியாபாரம் நம் ஊரில் நன்றாகவே நடக்கிறது.

கடைக்குப் போய்க் கேட்டபோது பையன் முகம் கொடுக்கவில்லை. கடைக்காரரோ, "நீங்க கொடுத்ததே இதுதாம்மா, இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். ஜாப் ஷீட்டைக் காட்டினேன். "அது அங்க தப்பா எழுதியிருப்பாங்க." நாலு பேர் பார்க்க நின்று பேசிய பிறகு 1,500 ரூபாய் திருப்பித் தருகிறேன் என்றார். வேண்டாம், என் பட்ஸைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் இடது பட் ஐம்பது நிமிடத்தில் நின்றது. அதைவிட, காதில் இருக்கும்போதே சுட்டது. உடனே கழற்றிவிட்டேன், அதற்குப் பிறகு மாட்டவில்லை. உங்களுக்கும் அப்படிச் சூடு தெரிந்தால் இன்னொரு தடவை பார்ப்போம் என்று திரும்ப மாட்டாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். லித்தியம் செல் சின்னதாக இருந்தாலும் லித்தியம் செல்தான். சர்வீஸ் சென்டரிலும், வெளியே திறந்த பீஸை இனி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கே இன்னொன்றும் தெரிந்தது, கோபமும் வருத்தமும் ஒன்றாக வந்தது. பேட்டரி தேய்ந்ததற்காகப் பட்ஸை மாற்றித் தரும் சர்வீஸ் கட்டணம் வேறு, தொலைந்த பட்டுக்கு ஈடு வாங்கும் கட்டணம் வேறு. பேட்டரிக் கட்டணம் குறைவு. முதல் தடவை நான் "புது பட் என்ன விலை" என்று கேட்டிருக்கிறேன், அவர்களும் அதற்கே விலை சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் போனால் "பேட்டரி சர்வீஸ்" என்று அதே வார்த்தையில் கேளுங்கள்.

இந்த வகை பட்ஸைத் திறப்பதே பெரிய பாடு. 2016 இல் வந்த முதல் ஏர்பாட்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் (சாதனங்களைப் பிரித்து ஆராய்ந்து மதிப்பெண் போடும் நிறுவனம்), பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு பூஜ்ஜியம் கொடுத்தது. எல்லாம் பசை, உடைக்காமல் திறக்க வழியில்லை. அதனால் 2,800க்கு இரண்டே நாளில் இரண்டையும் மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எப்படித் திறப்பீர்கள், என் கண் முன்னால் செய்வீர்களா என்று கேளுங்கள். எல்லா மாடலும் இப்படி இல்லை. சாம்சங்கின் 2019 கேலக்ஸி பட்ஸில் பட்டன் செல்லைக் கழற்றி மாற்றலாம். 2024 இல் ஃபேர்போன் என்ற கம்பெனி கொண்டுவந்த ஃபேர்பட்ஸில் பயன்படுத்துபவரே பேட்டரி மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து இந்த மாதிரி சின்னச் சாதனங்களில் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டமே வருகிறது. இப்போது 25,000 கொடுத்து வாங்கப் போகிறவர்கள் பேஸ் எப்படி, மைக் எப்படி என்று கேட்பதோடு மூன்றாவது வருடம் பேட்டரிக்கு என்ன வழி என்றும் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்று இரவே மூன்று சீரியல் எண்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பட்ஸில் கீறல், கறை இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். கடையில் கொடுக்கும்போது அந்த எண்களை எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் இன்னும் பதில் தரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜாப் ஷீட், விசிட்டிங் கார்டு, பணம் அனுப்பிய பதிவு, இப்போதைய சீரியல் எண்களின் படம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் கடந்த மூன்று மாதத்தில் யாராவது ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறையின் ஒற்றை பட் வாங்கியிருந்தால், வலது பட்டின் தண்டில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். உங்களிடமிருந்து அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று தெரிந்தால் போதும்.