ஐந்து வெள்ளிக்கு ஒரு கஷ்டமான கேள்வி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, அமெரிக்க யூத ராபை (மதகுரு) ஹெரால்ட் குஷ்னர் 1981-இல் வெளியிட்ட 'வென் பேட் திங்ஸ் ஹேப்பன் டு குட் பீப்பிள்' (நல்லவர்களுக்குக் கெட்டது நடக்கும்போது). சின்ன வயதிலேயே உடம்பு கிழடுதட்டும் புரோஜீரியா நோயில் மகன் 14 வயதில் போய்விட, கடவுள் நல்லவர்தான், ஆனால் எல்லாம் அவர் கையில் இல்லை என்கிறார் மனுஷன். பழைய மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் பலர் இதை ஏற்பதில்லை. நல்லவனாக இருந்தும் துன்பப்பட்ட பைபிள் யோபுவின் கதையைப் பிரித்து மேயும் அத்தியாயத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, தாத்தா லாரியில் அடிபட்டபோது "போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லிச் சொல்லியே தேய்ந்தார். குஷ்னர் அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார். கடைசியில் கொஞ்சம் இழுவை. அப்புறம், என் பிரதியில் இரண்டு தாள் கிழிசல், புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.