"90 யூனிட் சேர்த்துவிடுங்கள், ஒரே வருடத்தில் பட்டம்" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் தொடங்கி யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகம் ஒன்றுக்கு மாற நினைப்பவர்களிடம் சில கன்சல்டன்சிகள் இப்படிப் பேசுகின்றன: "இங்கே யூனிட் மலிவு. மூன்று வருடம் இருந்து 90 யூனிட் சேர்த்துவிடுங்கள். அங்கே போனால் ஒரே வருடம்தான்." இந்தத் 'திட்டத்துக்கு' தனிக் கட்டணமும் உண்டு. யூனிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் கிரெடிட். மாநில வாசிக்கு யூனிட் 46 டாலர் என்பதால் கேட்க நன்றாக இருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் கட்டுவதோ அதைப்போலப் பல மடங்கு.

கணக்கு உதைப்பது இங்கேதான். முதலிரண்டு ஆண்டு நிலையிலான பாடங்களுக்கு யூசி தரும் உச்சவரம்பு 70 செமஸ்டர் யூனிட். எத்தனை கல்லூரியில் படித்தாலும் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். சிஎஸ்யூவிலும் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) கம்யூனிட்டி காலேஜ் யூனிட்டுக்கு அதே 70. 90 சேர்த்தவருக்கு 20 ஏறாது. பட்டத்துக்கு 120 என்றால் பாக்கி 50. செமஸ்டருக்கு 15 எடுத்தாலும் மூன்று செமஸ்டரில் முடியாது. மேஜர் (முதன்மைத் துறை) பாடங்கள் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று வரிசையாக இருப்பதால் நடைமுறையில் இரண்டு வருடம் ஆகிவிடும்.

ஏறாத 20 யூனிட் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. எண்ணிக்கையில் சேராவிட்டாலும், படித்த பாடம் படித்ததாகவே கொள்ளப்படும். லீனியர் அல்ஜீப்ரா முடித்திருந்தால் மறுபடி எடுக்க வேண்டாம். ஆகவே மேஜருக்குத் தேவையான பாடத்துக்காக 70ஐத் தாண்டுவதில் தவறில்லை. வெறும் எண்ணிக்கைக்காகத் தாண்டுவதுதான் நஷ்டம்.

இதற்கு நேரெதிரான மிரட்டலும் உண்டு: "80ஐத் தாண்டினால் யூசி சேர்க்கவே சேர்க்காது, எங்களிடம் வாருங்கள்." கம்யூனிட்டி காலேஜில் மட்டும் படித்தவருக்கு இது பொருந்தாது. எவ்வளவு சேர்த்தாலும் அவருக்கு 70ஓடு நின்றுவிடும். கவலைப்பட வேண்டியவர் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வருபவர். அங்கே எடுத்த மேல்நிலைப் பாடங்கள் (மூன்றாம், நான்காம் ஆண்டு நிலை) அந்த 70க்கு மேல் கூட்டப்படும். யூசியிலேயே எடுத்த யூனிட்டும் அப்படித்தான். மொத்தம் எகிறினால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். இந்தியாவில் பி.இ. மூன்று வருடம் படித்து நடுவில் விட்டு வந்தவர்கள், சேர நினைக்கும் வளாகத்தின் அட்மிஷன் அலுவலகத்தில் இதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் அந்தப் படிப்பை ஏற்றுக்கொண்டது என்பதற்காக யூசி ஏற்கும் என்று இல்லை. பள்ளியிலேயே எழுதும் ஏபி, ஐபி தேர்வுகளால் கிடைத்த யூனிட்கள் வரம்புக்குள் வராது, அவற்றால் இடம் பறிபோகாது.

வரம்புக்குக் கீழே இருக்கும்போதே கரைகிற யூனிட்டும் உண்டு. கால்குலஸ் இல்லாத இயற்பியல் வரிசையையும் கால்குலஸ் உள்ள வரிசையையும் இரண்டும் எடுத்தால் பொதுவாக ஒரு வரிசைக்குத்தான் யூனிட். உடற்பயிற்சி வகுப்புகளுக்கு மொத்தம் 4 செமஸ்டர் யூனிட்தான். ஈஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான) வகுப்புகளுக்கு 8. இன்னொரு குழப்பம் 105 என்ற எண். அது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களில் நடத்தும் குவார்ட்டர் கல்லூரிகளின் கணக்கு, 1.5ஆல் வகுத்தால் 70. டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற குவார்ட்டர் கல்லூரிகளுக்கு அது சரி. செமஸ்டர் கல்லூரியில் இருந்துகொண்டு 105ஐ நம்பினால் 35 யூனிட்டுக்குக் கட்டிய பணம் போச்சு.

யாரிடமும் காசு கொடுக்காமல் இதைச் சரிபார்க்கலாம். எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் (assist.org) தளத்தில் உங்கள் கல்லூரியைத் தேர்ந்து, யூசிக்கு மாறும் பாடங்களின் பட்டியலைத் திறந்து, பாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வரம்புக் குறிப்பைப் படியுங்கள். இரண்டு பாடத்தைச் சேர்த்துச் சொல்லும் குறிப்புகள்தான் பலர் தவறவிடுவது. பிறகு உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் யூசியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று சொல்லும், வளாகம், மேஜர் வாரியான ஒப்பந்தத்தைத் தனியே திறக்க வேண்டும். முதல் பட்டியலில் இருக்கும் பாடம் இதில் இல்லாவிட்டால், யூனிட் ஏறும், மேஜருக்கு உதவாது. நீங்கள் பாடம் எடுத்த கல்வியாண்டின் பக்கத்தையே பாருங்கள், வருடத்துக்கு வருடம் மாறும். கல்லூரியின் டிரான்ஸ்ஃபர் சென்டரில் கவுன்சலர் இலவசம்தான். ஆனால் அவர் சொன்னதையும் கையோடு மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட் போதும். 60க்கும் 70க்கும் நடுவில் உள்ள 10ஐ மேஜர் முன்தேவைகளுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் அந்த செமஸ்டரிலேயே பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத பாடத்துக்கு, சேர்ந்தபின் துறையிடம் மனு கொடுத்துப் பார்க்கலாம். அப்போது அவர்கள் முதலில் கேட்பது வாரவாரியான பாடத்திட்டமும் பாடநூல் பெயரும்.