ஜிம்னிக்கு போலேரோ டயர்

நாமக்கல்லில் இருந்துகொண்டு டயருக்கு அலைந்தேன் என்றால் சிரிப்பார்கள். லாரி ஊர், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ரீட்ரேடிங் பட்டறை இருக்கும். ஆனால் மாருதியின் சின்ன ஜீப்பான என் ஜிம்னிக்குக் கம்பெனியிலிருந்து வந்த 195/80 ஆர்15 சைஸில் (195 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் பக்க உயரம், 15 அங்குல ரிம்) ஒரே ஒரு டயர் கேட்டபோது, ஏறி இறங்கிய மூன்று கடையிலும் ஒரே பதில்: "வரவழைக்கணுங்ணா, நாலு நாள் ஆகும்."

நடந்தது இதுதான். கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அப்பால் எங்களுக்குக் கொஞ்சம் மிளகுத் தோட்டம் உண்டு. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அங்கே ஒரு கல்லின் முனை இடது பின் டயரின் சைடுவாலை, அதாவது பக்கச்சுவரை, விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. தரையில் படும் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் போடலாம். சைடுவால் கிழிந்தால் பஞ்சர் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினேன். இன்னொன்று போனால் என்ன செய்வது என்ற நினைப்பு ஒவ்வொரு வளைவிலும் கூடவே வந்தது.

மற்ற மூன்று டயர்களும் 41,000 கிலோமீட்டர் ஓடி, பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று காட்டும் அடையாளக் கட்டையைத் தொடும் நிலையில் இருந்தன. சரி, மொத்தமாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். எதை வாங்குவது?

தார் ரோட்டுக்கான ஹெச்.டி., எல்லாத் தரைக்குமான ஏ.டி., சேற்றுக்கான எம்.டி. என்ற மூன்று வகையும் தெரிந்ததுதான். முழுக்க ஹைவேயில் ஓடுகிறவருக்கு ஹெச்.டி. போதும்: சத்தம் இல்லை, மைலேஜ் நன்றாக இருக்கும், ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும். எம்.டி.யை நான் சொந்தமாகப் போட்டதில்லை. நண்பரின் மஹிந்திரா தார் வண்டியில் ஒரு நாள் ஓட்டியதோடு சரி. சேற்றில் டிராக்டர் மாதிரி போனது; 70 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே பேசுவது காதில் விழவில்லை. மழை நனைத்த மலை ரோட்டில் அந்தப் பெரிய கட்டைகளை நம்பி வளைவுக்கு முன் பிரேக் மிதிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் அனுபவம்தான், அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டி ஹெச்.டி.க்கும் ஏ.டி.க்கும்தான். கல் கிழித்த மண்பாதையை நினைத்து ஏ.டி. பக்கம் சாய்ந்தேன். ஆனால் எந்த சைஸ் என்பதை முடிவு செய்தது பிடிப்போ விலையோ இல்லை, ஸ்டெப்னி.

ஜிம்னியில் நான்கு சக்கரமும் இழுக்கும் 4ஹெச் போட்டால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். டயர் அளவு மாறினால் மண்ணில் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். கெட்டித் தரையில் அந்த இழுபறி, இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும். நான் அதுவரை ஸ்டெப்னியை ஒரு தடவைகூடக் கீழே இறக்கவில்லை. புத்தம் புதிதாக இருந்த அதற்கும் தேய்ந்துபோன மற்றவற்றுக்கும் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்.

இப்போது போலேரோ சைஸான 215/75 ஆர்15-ஐப் பாருங்கள். கம்பெனி சைஸின் விட்டம் 693 மில்லிமீட்டர், இதன் விட்டம் 703.5. ஒன்றரை சதவீதம் கூட. அதாவது, சைஸை மாற்றுவதற்குப் பயந்துகொண்டிருந்த நான், அதே அளவு வித்தியாசத்தை ஒரே வண்டியில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்! மொத்தமாக ஐந்தும் மாற்றினால் சிக்கல் இல்லை; ஸ்பீடோமீட்டரில் 80க்கு ஒரு கிலோமீட்டர்தான் மாறும். போலேரோ ஓடாத ஊர் எது? சேந்தமங்கலத்தில் நின்றுபோனாலும் இந்த சைஸ் கிடைக்கும். கடைக்காரரும், "போலேரோ சைஸ்னா இப்பவே மாட்டிடலாங்ணா" என்றார்.

அந்த சைஸில் யோகோஹாமா ஜியோலாண்டர் ஜி015 ஏ.டி. ஐந்து வாங்கினேன். அப்பல்லோ ஆப்டெரா ஏ.டி.2-உம் இருந்தது, அதுவும் எனக்குச் சரிதான். ஜியோலாண்டர் ஐந்தும் கையிருப்பில் இருந்ததால் இதை எடுத்தேன். சைடுவாலில் மலைச் சிகரத்துக்குள் பனிப்பூ முத்திரை, கடும் பனிக்கும் ஏற்றது என்று. நாமக்கல் வெயிலுக்கு ரொம்ப அவசியம்! அதைவிட முக்கியம் பக்கத்திலேயே இருக்கும் நான்கு இலக்கங்கள்: 3125 என்றால் 2025-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம் தயாரானது. ஐந்தில் ஒன்று ஒரு வருடம் பழசாக இருந்தது. கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் குறைந்துவிட்டது. 80ஐத் தாண்டினால் வண்டு முரல்வது போல ஒரு சத்தம். ஐப்பசி மழையில் செம்மண் களியாகிவிட்டால் ஏ.டி.யின் பள்ளங்களும் அடைத்துக்கொள்கின்றன. காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கித்தான் மேலே ஏற்றினேன். ஆனால் கம்பெனி ஹெச்.டி.யைக் கிழித்த அதே பாதையில் 9,000 கிலோமீட்டர் கழித்தும் சைடுவாலில் கீறல்கள் மட்டும்தான். இன்னும் ஒரு மழைக்காலம் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

இப்போது 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுழற்றுகிறேன். ஒரு டயர் 50,000 ஓடும் என்று வைத்தால், ஐந்தும் முறை வைத்து ஓடும்போது வண்டிக்கு 62,500 கிடைக்கும். டயர் கூடுதல் அகலம் என்பதால் பின்கதவில் ஸ்டெப்னி கவரை மாட்டத்தான் இரண்டு பேர் தேவைப்படுகிறது. போன தடவை வீட்டம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, "பழைய டயரே நல்லா இருந்துச்சுங்க" என்றார்.