ராமநாதபுரத்து ஒருநாள் சுற்றுக்கு எந்த வண்டி: பெரிய பைக்கா, ஸ்கூட்டரா, சைக்கிளா?

பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டு 350 சிசி பைக் எடுக்கலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். கடைசியில் எடுத்தது இன்னொரு ஸ்கூட்டர்தான். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறேன்: கருவ முள், அதாவது சீமைக் கருவேல மரத்து முள்.

நான் வண்டியை எடைபோட்டது ஊருக்குள் ஓட்டுவதை வைத்து அல்ல, விடுமுறை நாளில் போகும் சுற்றை வைத்து. காலையில் ராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி கட்டியது. உள்ளே முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள். தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டையைச் சுவரில் பார்க்கலாம். அடுத்து உத்தரகோசமங்கை. மரகத நடராசரைச் சந்தனக் காப்பு இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் மார்கழித் திருவாதிரைக்குத்தான் வர வேண்டும். அப்புறம் திருப்புல்லாணி, சேதுக்கரை, சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த பழைய துறைமுகமான பெரியபட்டினம், கீழக்கரையில் கல்தூண்களோடு நிற்கும் பழைய பள்ளிவாசல், ஏர்வாடி, வாலிநோக்கம் உப்பளம். திரும்பி வரும்போது நூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். நடுவில் மிளகாய்க் கொல்லை, பனங்காடு, கண்மாய் என்று கண்ட இடத்தில் வண்டியைத் திருப்பாவிட்டால் சுற்றுக்கு ருசி இல்லை.

மைலேஜ், சொகுசு பற்றிப் பேச அதிகம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய பைக் ஜம்மென்று போகும், முதுகு வலிக்காது. ஸ்கூட்டர் டேங்க் சிறியது, கிளம்பும்போதே நிரப்பிக்கொண்டால் போதும். விற்கும்போது இரண்டுக்கும் ஆள் கிடைக்கும்.

தார்ச்சாலையை விட்டு இறங்கினதும்தான் கணக்கு மாறும். இங்கே கொல்லைக்கு வேலி என்றாலே வெட்டிப் போட்ட கருவ முள்தான். கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகு ஏற்றிப் போகும் பாதையெல்லாம் சிம்பு உதிர்ந்து கிடக்கும். காய்ந்த முள் ஆணிக்குச் சமம். டயருக்குள் போய் முனை ஒடிந்தால் வெளியே தெரியவும் தெரியாது.

பைக்கில் கம்பிச் சக்கரம் என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். முள் டியூபைத் தொட்டால் கொஞ்ச நேரத்தில் சக்கரம் தரையில் உட்கார்ந்துவிடும். கனமான பைக்கை வெயிலில் தள்ள வேண்டும், கடையில் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், டியூபை ஒட்ட வேண்டும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து ஒடிந்த முனையைத் தேடி எடுக்காவிட்டால் அடுத்த ஊருக்குள் மறுபடியும் பஞ்சர். என் மச்சானோடு உத்தரகோசமங்கைப் பக்கம் போனபோது மதியம் முழுக்க இதிலேயே போனது. கீழக்கரையைப் பார்க்கவே இல்லை.

ஸ்கூட்டரில் டியூப்லெஸ் டயர். முள் குத்தினாலும் குத்தின முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். எனக்கு முதல் தடவை குத்தியபோது பஞ்சர் கடை அண்ணனுக்குப் போன் போட்டேன். “முள்ளப் புடுங்கிறாதீங்க தம்பி, அப்படியே ஓட்டிட்டு வந்துருங்க” என்றார். வழியில் ஓரிடத்தில் காற்றடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். சக்கரத்தைக் கழற்றாமலே ரப்பர் திரியைச் செருகி, மிச்சத்தை நறுக்கி அனுப்பிவிட்டார். இப்போது திரியும் ஊசியும் கைப்பம்பும் சீட்டுக்கு அடியில் கிடக்கின்றன. கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் கேன். திரும்பும்போது அதே இடத்தில் ஒரு மூட்டை குண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான்.

ஸ்கூட்டர் தோற்கும் இடமும் உண்டு. கடற்கரை மணலில் அந்தச் சின்னச் சக்கரம் புதைந்துவிடும். மழைக்கு மறுநாள் கண்மாய்க் கரையில் ஏற்றினால் களிமண் மட்கார்டு வரை அப்பிக்கொள்ளும். ஆடிக் காற்று பக்கவாட்டில் அடித்தால் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இந்த மூன்றிலும் பெரிய பைக்தான் மேல். அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உள்ள பைக் உங்களிடம் இருந்தால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப்போகும், அதையே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சைக்கிளைப் பற்றி என்னால் பாதிதான் சொல்ல முடியும். திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை வரை மிதித்திருக்கிறேன். பறவைகளைப் பார்க்க அதைவிட நல்ல வண்டி இல்லை. பஞ்சர் ஆனாலும் சொல்யூஷனும் ஒட்டும் இருந்தால் வேப்பமர நிழலில் உட்கார்ந்து நாமே ஒட்டிவிடலாம், தள்ளுவதும் சுலபம். ஆனால் முழுச் சுற்றையும் பங்குனி வெயிலில் மிதிக்க எனக்குத் தெம்பு இல்லை. மிதிப்பவர்கள் இரண்டு நாளாகப் பிரித்து, கீழக்கரையில் தங்கலாம்.

மின்சார ஸ்கூட்டரில் நான் இந்தப் பக்கம் போனதில்லை. டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவத்தை இந்த மாசியில்தான் ஊற்றியிருக்கிறேன். இதுவரை காற்று இறங்கவில்லை, ஆனால் அதற்குள் தீர்ப்புச் சொல்ல முடியாது. மிளகாய் காய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் மாசி, பங்குனியில் வாருங்கள். களத்துக்குப் போகிற பாதையில்தான் முள் அதிகம், வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது.