பேட்டரியா, ஸ்டார்ட்டரா?

சாவியைத் திருப்பினால் இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? புது பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

விளக்கு மங்கி, 'டக டக டக' என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரிதான். வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சந்தேகம் இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டாரான ஸ்டார்ட்டர் பக்கம்: அதற்குக் கரண்டை இணைக்கும் சுவிட்சான சோலனாய்டின் காண்டாக்ட் கருகியிருக்கலாம், மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டாரை லேசாகத் தட்டியதும் ஓடினால் பிரஷ் மீதே என் சந்தேகம். தட்டுவது ஒர்க்‌ஷாப் போய்ச் சேரத்தான் உதவும்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. முழு சார்ஜில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்கையில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம் என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து, சுழலும் பகுதியான ஆர்மேச்சர் உரசும் ஸ்டார்ட்டரும் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து, நல்ல பேட்டரியையும் அப்படியே சரிய வைக்கும். நன்றாக இருக்கும் வேறொரு பேட்டரியை மாட்டியும் அதே கதை என்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றலாம்.

அதற்கு முன் டெர்மினலில் பூத்த உப்பையும் எர்த் கேபிளையும் சுத்தம் செய்துவிடுங்கள். சில வண்டிகளில் குற்றவாளி பேட்டரியும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை; இந்த அழுக்குதான்.