முந்திரிப்பழம் வரைய மெஷ்ஷா, பிளெண்டா?

கடலூர் பக்கம் டிசைன் வேலை பார்ப்பவர்கள் முந்திரியையும் பலாவையும் வரையாமல் தப்பிக்க முடியாது. பண்ருட்டிக் கடைகளின் பாக்கெட், டப்பா, போர்டு எல்லாவற்றிலும் அவைதான். ஒரு போட்டோவை ஒட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அதே படம் கால் கிலோ பாக்கெட்டிலும் இருபது அடி ஃபிளெக்ஸிலும் பிசிறில்லாமல் வர வேண்டுமென்றால் வெக்டரில், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடுகளாலும் வடிவங்களாலும், வரைவதுதான் வழி. அதில் நிறத்தை நிஜப்பழம் போலக் குழைத்துக் காட்ட மெஷ், பிளெண்ட், ஃப்ரீஃபார்ம் கிரேடியன்ட் என்று மூன்று கருவிகள் இருக்கின்றன.

மெஷ் 1998இல் அடோபியின் வெக்டர் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரின் 8ஆம் பதிப்போடு வந்தது. உருவத்தின் மேல் கோடுகளால் ஒரு வலை விரியும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் தரலாம். முந்திரிப்பழத்துக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் மஞ்சள், நடுவில் இரண்டும் கலந்த ஆரஞ்சு, தோலில் ஒரு பளபளப்பு: எல்லாம் ஒரே உருவத்துக்குள் அடங்கிவிடும். எடுத்ததுமே பத்துக்குப் பத்து வலை போட்டால் மட்டும் கதை கந்தல். மூன்றுக்கு மூன்றில் ஆரம்பித்து, தேவைப்படும் இடத்தில் ஒரு கோடு சேர்த்தால் போதும்.

சிக்கல் பழத்துக்குக் கீழே தொங்கும் கொட்டையில் வருகிறது. வளைந்த உருவத்தின் மேல் மெஷ்ஷைத் தானாகப் போடச் சொன்னால் கோடுகள் உள்வளைவில் நெருக்கியடித்து முறுக்கிக்கொள்ளும். ஒரு செவ்வகத்தில் மெஷ் போட்டு, அதைக் கொட்டையின் வடிவத்துக்கு மெல்ல வளைப்பது பலர் செய்வது. பொறுமை உள்ளவர்களுக்குச் சரி. நான் அந்த இடத்தில் பிளெண்டுக்குப் போய்விடுவேன்.

பிளெண்ட் இல்லஸ்ட்ரேட்டரில் 1988 முதலே இருக்கிறது. பழைய கருவி என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியே அடர்ந்த சாம்பல் பச்சையில் ஒரு வடிவம், உள்ளே வெளிறிய நிறத்தில் சின்னதாக ஒன்று. இடைப்பட்ட படிகளை மென்பொருளே நிரப்பிவிடும். இரண்டு வடிவத்திலும் நோடுகளின், அதாவது கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளிகளின், எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் கலவை முறுக்காது. பெரிய வடிவத்தை நகலெடுத்துச் சுருக்கினாலே அது அமைந்துவிடும். படிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு: நிறம் எத்தனை சதவீதம் மாறுகிறதோ அதை 256ஆல் பெருக்க வேண்டும். 20 சதவீதத்திலிருந்து 100 வரை போனால் மாற்றம் 80 சதவீதம், அதாவது 0.8; படிகள் 205. ரொம்பக் குறைத்தால் அச்சில் வரிவரியாகத் தெரியும்.

பலாப்பழத்துக்கு மெஷ் போடப் போனால் தலைதான் நரைக்கும். ஒரே ஒரு முள்ளைப் பிளெண்டில் செய்து சிம்பலாக (திரும்பத் திரும்பப் போடக்கூடிய நகலாக) வைத்துக்கொண்டு, பழம் முழுக்கத் தூவி, ஓரத்தில் மட்டும் சிறிதாக்கித் திருப்பிவிடலாம். இங்கே பிளெண்டுக்குப் போட்டியே கிடையாது.

ஃப்ரீஃபார்ம் 2018 கடைசியில் வந்தது. நிறப் புள்ளிகளை விரும்பிய இடத்தில் வைத்தால் அவை ஒன்றோடொன்று கரைந்துகொள்ளும். ஐந்தே நிமிடத்தில் அழகான பழம் வந்துவிடும். வாடிக்கையாளருக்குக் காட்டும் முதல் மாதிரிக்கு அது போதும். வெளிச்சம் விழும் விளிம்பைக் கூர்மையாக நிறுத்த முடியாததால் கடைசி வேலைக்கு நான் எடுப்பதில்லை.

எந்தக் கருவி எடுத்தாலும் நிறம் தப்பானால் பழம் பிளாஸ்டிக்தான். மஞ்சளில் நிழல் காட்டக் கறுப்பைச் சேர்த்தால் பச்சையடித்து அழுக்காகிவிடும். மெஜந்தாவை (ஊதாச் சிவப்பு) கூட்டி, சயானை (பச்சை கலந்த நீலம்) துளி சேர்த்தால் பழுத்த நிழல் கிடைக்கும். அப்புறம், சிவப்பிலிருந்து பச்சைக்கு நேராகப் போகக் கூடாது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் கணக்கான சிஎம்ஒய்கேயில் அந்த நடுப்புள்ளி 50 சயான், 50 மெஜந்தா, 100 மஞ்சள். பார்க்கச் சேறு மாதிரி இருக்கும். இடையில் சுத்தமான மஞ்சளில் ஒரு புள்ளி வைத்தால் தப்பிக்கலாம். மெஷ்ஷில் ஒரு கோடு சேர்த்தால் ஆயிற்று. பிளெண்டில் மூன்றாவதாக ஒரு வடிவம் வேண்டும்.

மென்பொருள் விஷயத்தில் ஊர் வழக்கத்தைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. நம் பக்கத்து பிரஸ்களில் பல இடங்களில் கோரல்தான் ஓடுகிறது. கோரல்டிராவிலும் மெஷ் ஃபில் இருக்கிறது, நிறத்தை இழுத்துப் போட்டால் போதும், கற்றுக்கொள்ள எளிது. நுணுக்கத்தில் இல்லஸ்ட்ரேட்டர் ஒரு படி மேல் என்பது என் கணிப்பு. இலவசமாக வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப். 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து அதிலும் மெஷ் உண்டு. ஆனால் அந்த மெஷ்ஷை எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாக வலைத்தளத்தில் போட்டால் பிரவுசர்கள் தாமாகக் காட்டுவதில்லை, பிஎன்ஜி என்ற சாதாரணப் படமாக மாற்றித்தான் போட வேண்டும்.

இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்த மெஷ்ஷைக் கோரலில் திறக்கச் சொல்லிக் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. பிளெண்டை எக்ஸ்பாண்டு செய்து (தனித்தனி வடிவங்களாகப் பிரித்து) அனுப்பலாம், அது வெறும் வடிவங்களாகப் போய்ச் சேரும். மெஷ் பழத்தை மட்டும் அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) சிஎம்ஒய்கே டிஃப் படக் கோப்பாக எடுத்து, எழுத்துகளை வெக்டராகவே விட்டு, பிடிஎஃப்பாகக் கொடுத்துவிடுங்கள். ஃபிளெக்ஸுக்கு அதே மெஷ்ஷிலிருந்து பெரிய அளவில் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.