ரசீதில் 700 குதிரைத்திறன், உள்ளே பழைய உதிரிகள்

டர்போ போட்ட எஞ்சினுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கட்டித்தரச் சொல்லிப் பட்டறை தேடுகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டெக்ஸாஸில் ஹூஸ்டனுக்கு அருகே ஒரு பட்டறை என்னிடம் மூவாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, போடுவதாகச் சொன்ன உதிரிகளில் மிக முக்கியமான இரண்டைப் போடாமலேயே வண்டியைத் திருப்பிக் கொடுத்தது.

வண்டி ஷெவர்லே சில்வராடோ 1500 பிக்கப். அதில் 6.0 லிட்டர் எல்க்யூ4 எஞ்சினைப் பொருத்தி டர்போ சேர்த்திருக்கிறேன். எஞ்சினைத் தனியாக டைனோவில் (திறனை அளக்கும் கருவி) ஏற்றியபோது முறுக்குவிசை 520 பவுண்டு-அடி, அதாவது ஏறத்தாழ 705 நியூட்டன் மீட்டர் காட்டியது. வண்டியில் முன்பே இருந்த கியர்பாக்ஸ் 4எல்60-இ. அதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் வைத்த வரம்பு சுமார் 360 பவுண்டு-அடிதான். இதே 6.0 எஞ்சினைக் கனரக 2500 வகை பிக்கப்புகளில் வைத்தபோது, அந்த நிறுவனமே டர்போ 400 என்ற தன் பழைய கியர்பாக்ஸின் வழிவந்த 4எல்80-இ-யைத்தான் கொடுத்தது. எனக்கும் அதுதான் வேண்டும் என்று கேட்டேன்.

பட்டறைக்காரர் தடுத்தார். அது கனம், நீளம். டிரைவ் ஷாஃப்டை வெட்டிச் சிறிதாக்க வேண்டும், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டும் என்றார். அவை உண்மைதான். "எங்கள் மூன்றாம் நிலை (ஸ்டேஜ் 3) 4எல்60-இ போதும், 700 குதிரைத்திறன் தாங்கும்" என்று சொல்லி, கடினமாக்கிய சன் ஷெல் (நடுப் பற்சக்கரத்தோடு இணையும் கிண்ண வடிவ உலோகக் கூடு), ஐந்து பினியன் (சிறு பற்சக்கரம்) கொண்ட பிளானட்டரி பற்சக்கரத் தொகுதி, மூன்றாம் நான்காம் கியர்களுக்கான 3-4 கிளட்ச் கூடுதல் தட்டுகளுடன் என்று குறுஞ்செய்தியில் பட்டியலும் அனுப்பினார். ரசீதில் மட்டும் "ஸ்டேஜ் 3, 700 எச்பி" என்று ஒரே வரி.

அந்த 700 என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருளே கிடையாது. கியர்பாக்ஸை முறிப்பது முறுக்குவிசை. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் அதை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. அதற்குமேல் முதல் கியரின் 3.06 விகிதம். வண்டியின் எடையும் டயரின் பிடிப்பும் எவ்வளவு கூடுகின்றனவோ, அவ்வளவு சுமை உள்ளே இறங்கும். உயர்ந்த சுழற்சியில் 700 குதிரைத்திறன் தரும் இலேசான காருக்குத் தாக்குப்பிடிக்கும் பெட்டி, குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் கனமான பிக்கப்பில் நொறுங்கிப்போகலாம். எடை என்ன, டயர் என்ன, கன்வெர்ட்டர் என்ன என்று அந்தப் பட்டறை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சில வாரங்களில் நெடுஞ்சாலையில் ஏறும் வளைவிலேயே இரண்டாம் கியர் போயிற்று. நான்காவதும் ரிவர்ஸும் இல்லை. ஒன்றும் மூன்றும் மட்டும் வேலை செய்தன. இது சன் ஷெல் முறிந்ததற்கான தெளிவான அடையாளம். மூன்றும் நான்கும் சேர்ந்து போயிருந்தால் 3-4 கிளட்சைச் சந்தேகிக்கலாம். பட்டறைக்காரரோ பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "டியூனிங் கோளாறு, வாரண்டி செல்லாது" என்று கைவிரித்தார்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், என் கண்முன்னே பிரிக்கச் சொன்னேன். ஷெல் கம்பெனியில் வந்த பழையது. கழுத்துப் பகுதி அப்படியே அறுந்திருந்தது. பிளானட்டரியில் இருந்தவை நான்கே பினியன்கள். இதற்கு நிபுணர் தேவையில்லை, எண்ணிப் பார்த்தாலே போதும். கிளட்ச் தட்டுகளும் சீல்களும் மட்டும்தான் புதியவை. தெரிந்தே செய்த மோசடி இது.

ஆகவே குதிரைத்திறன் எண்ணை ரசீதாக ஏற்காதீர்கள். ஒவ்வொரு உதிரியின் பெயரையும் பாக எண்ணையும் ரசீதிலேயே எழுத வையுங்கள். பூட்டுவதற்கு முன் புகைப்படம் கேளுங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குத் தயங்கும் பட்டறையில் வண்டியை விடவே விடாதீர்கள். வாரண்டி எந்தெந்தக் காரணங்களுக்குச் செல்லாது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். ஏற்கெனவே சிக்கியவர்கள் பிரித்த பெட்டியை அந்தப் பட்டறையிடமே ஒப்படைத்துவிட வேண்டாம், சான்று அதுதான்.

டெக்ஸாஸ் நுகர்வோர் சட்டப்படி, வழக்குக்கு 60 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 20,000 டாலர் வரையிலான கோரிக்கையை ஜஸ்டிஸ் கோர்ட் எனும் உள்ளூர் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலேயே தொடுக்கலாம். குறுஞ்செய்தி, புகைப்படங்கள், இரண்டாம் மெக்கானிக்கின் எழுத்துமூல அறிக்கை மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வண்டியில் இப்போது 4எல்80-இ ஏறிக்கொண்டிருக்கிறது.